எடைக்கு வாங்கி டில்லி போன கதை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் என்னிடம், "அண்ணே, மூணாம் வருஷப் பசங்க ஹம்பி, பாதாமி போகணும்னு சங்கத்துல பணம் கேக்கறாங்க. உங்க செட்டு பழைய புஸ்தகம் வித்து டில்லி போனீங்களாமே, அதைச் சொல்லுங்க" என்றார். வீரக்கதை மாதிரி சொன்னால் ஒருத்தருக்கும் உபயோகமில்லை. கணக்கோடு சொல்கிறேன்.

நாங்கள் 1984-87 செட். வகுப்பில் 38 பேர். கடைசி வருஷம் கல்விச் சுற்றுலா என்றால் திருச்சியிலிருந்து எழும்பூர் வரை மீட்டர் கேஜ் ரயில், அங்கிருந்து சென்ட்ரல் போய் ஜி.டி. எக்ஸ்பிரஸ், டில்லி, ஆக்ரா. மாணவர் சலுகை எல்லாம் கழித்துத் தலைக்கு 480 ரூபாய் வந்தது. பட்டியல் சுற்றி வந்தபோது 11 பேர் பெயர் எழுதவில்லை. "உடம்பு சரியில்லை", "ஊர்ல திருவிழா" என்று ஆளுக்கொரு காரணம். காரணம் ஒண்ணுதான் என்று எல்லாருக்கும் தெரியும். இது 1986 ஏப்ரல். சுற்றுலா 1987 பிப்ரவரியில். கையில் பத்து மாசம் இருந்தது.

ஐந்து பேர் ஆளுக்கு நாற்பது ரூபாய் போட்டோம். முதல் 200. அதைக் கொண்டுபோய் இறக்கிய இடம் பாலக்கரைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை.

மாணவர்கள் இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தைக் கொஞ்சம் கவனிக்கணும். பழைய பேப்பர் கடைக்காரருக்குப் புத்தகம் என்பது புத்தகமே இல்லை, எடை. நியூஸ் பேப்பருக்குத்தான் அவரிடம் மரியாதை, பொட்டலம் கட்ட உதவும். பாடப் புத்தகத்தில் பசையும் அட்டையும் இருப்பதால் அதற்கு விலை மட்டம். ஏப்ரல், மே மாசத்தில் பரீட்சை முடிந்த வீடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து குவியும். இடம் இருக்காது. சீக்கிரம் லாரியில் ஏற்றி அனுப்பினால் போதும் என்றிருப்பார். அதே புத்தகத்துக்கு ஜூன் மாசம் பள்ளிக்கூடம், காலேஜ் திறந்ததும் ஆளாய்ப் பறப்பார்கள். ஆக, லாபம் எங்கே இருக்கிறது? நடுவிலே இருக்கிற அந்த ஆறு வாரத்தில்தான். ஆறு வாரம் வைத்திருக்க ஒரு மூலை, புரட்டிப் பார்க்கப் பொறுமை, மே மாச திருச்சி வெயிலில் சைக்கிள் மிதிக்கத் தெம்பு. இதற்கு மேல் ஒரு வித்தையும் கிடையாது.

புரட்டிப் பார்ப்பது என்றால் சும்மா இல்லை. அச்சகத்தில் புத்தகத்தைப் பதினாறு பக்கம் பதினாறு பக்கமாக ஃபாரம் போட்டுத்தான் தைப்பார்கள். தையல் விட்டால் ஒரு பக்கம் போகாது, பதினாறும் சேர்ந்து போகும். ஆகவே பக்க எண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்க்கணும். கடைசி ஃபாரம் போயிருந்தால் விடைகள் போச்சு, அந்தக் கணக்குப் புத்தகம் வடை மடிக்கத்தான். அப்புறம் பாடத்திட்டம் எந்த வருஷத்தது என்று பார்க்கணும். பாடத்திட்டம் மாறினால் நேற்றைக்குப் பத்து ரூபாய் பெற்ற புத்தகம் இன்றைக்குக் காகிதம். 2018, 2019 ஆண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகங்கள் அத்தனையும் மாறினபோது பழைய புத்தகக் கடைக்காரர்கள் பாடு என்னவாகியிருக்கும்!

எங்களுக்கு நன்றாகப் போனவை இரண்டு. ஒன்று, நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள். மருத்துவம், பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 1984இல்தான் தமிழ்நாட்டில் வந்திருந்தது. புதுசு வாங்க முடியாத பெற்றோர் ஏராளம். இரண்டு, கோனார் உரை. அது நம்ம ஊர்ச் சரக்கு. ஐயம்பெருமாள் கோனார் செயின்ட் ஜோசப் கல்லூரியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர். அதை வெளியிட்ட பழனியப்பா பிரதர்ஸ் தெப்பக்குளத்தில் இருந்து வளர்ந்தவர்கள்.

கிழிசலுக்கு மைதா பசை காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் கலந்து ஒட்டினோம். ரப்பரால் பென்சில் கோட்டை அழித்து, காக்கி அட்டை போட்டோம். பழைய புத்தகக் கடையில் கொடுத்தால் அச்சிட்ட விலையில் கால் பங்குக்கு எடுத்து அரை விலைக்கு விற்பார்கள். நாங்கள் ஹாஸ்டல் ஹாஸ்டலாகப் போய் நேரே நாற்பது சதவிகிதத்துக்குக் கொடுத்தோம். வாங்கினவனுக்கும் லாபம், எங்களுக்கும் லாபம்.

பாலக்கரை பாய் லேசுப்பட்டவர் இல்லை. மூன்றாவது வாரமே எங்களைக் கவனித்துவிட்டார். "தம்பிகளா, நீங்க பொறுக்கி வைக்கிற புஸ்தகத்துக்கு இனிமே எடை கிடையாது, எண்ணிக்கை" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எது விலை போகும் என்று நாங்களே அவருக்குப் பாடம் நடத்தியிருக்கிறோம்! விலையைப் பேசி முடித்தோம். பதிலுக்கு அவரும் ஒரு சலுகை செய்தார். வியாழக்கிழமை லோடு ஏற்றுவதற்கு முன்னால் எங்களுக்கு முதல் பார்வை. ஜூலைக் கடைசியில் போட்ட முதல் போக லாபம் 2,300 ரூபாய்.

அதோடு சீசன் முடிந்தது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை ஈ ஓட்டினோம். சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த வேட்டை ஸ்ரீரங்கம். போகிக்கு வீட்டைக் காலி செய்வார்கள் என்று ஒருத்தன் கண்டுபிடித்தான். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் வடிந்ததும் உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைஞ்சான் என்று வீடு வீடாக ஏறி இறங்கினோம். நாங்கள் மட்டுமா? "பழைய பட்டுப்புடவை வாங்கறதூ" என்று ஜரிகைக்காரரும் அதே தெருவில்தான் போவார். புடவையின் ஓரத்தில் ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்பார். நல்ல ஜரிகையில் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்கு மேல் தங்கப் பூச்சு. புடவை நைந்து போனாலும் வெள்ளி போகாது. பாட்டி கல்யாணப் புடவையை அவர் எடை போடுகிறபோது அந்த வீட்டுப் பெண்களின் முகத்தைப் பார்க்கணும்! எத்தனை கிராம் வெள்ளி என்று அவருக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

இங்கேதான் எங்களுக்குள்ளே ஒரு தகராறு வந்தது. கீழ உத்தர வீதியில் ஒரு மாமி, பரணிலிருந்து இரண்டு சாக்கு இறக்கி, "எடைக்குப் போட்டு எடுத்துண்டு போங்கோடா" என்று சொல்லிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து பிரித்தால், உள்ளே கல்கி பத்திரிகையிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணின 'பொன்னியின் செல்வன்'. 1950இலிருந்து 54 வரை வந்த தொடர். மணியம் ஓவியத்தோடு, ஒரு வாரம் விடாமல், முழு செட். எடைக்குப் போட்டால் பத்து ரூபாய்கூட இல்லை. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடைக்காரர் இந்த மாதிரி பைண்டு கிடைத்தால் கொண்டு வரச் சொல்லி வைத்திருந்தார். அவர் சொன்ன விலையில் ஒரு பையன் டில்லி போய்விடலாம்.

"பாய் கிட்ட வாங்கறப்ப நாம விலையைச் சொன்னோமா? இது மட்டும் என்ன?" என்று ஒருத்தன் மெதுவாகக் கேட்டான். நியாயமான கேள்விதான். இன்னொருத்தன் சொன்ன பதில் எனக்கு இன்னும் சரியாகப் படுகிறது. "பாய் வியாபாரி. நாம தூக்கி வைக்கறதைப் பாத்தே விலையை ஏத்திட்டாரு. மாமி வியாபாரி இல்லை. நம்மளை நம்பித் திண்ணையில உக்கார வெச்சு மோர் குடுத்திருக்காங்க." மோரை வைத்துத்தான் தீர்ப்பு!

சொன்னோம். மாமி மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் பாகத்தைத் திறந்தார். "எங்காத்துக்காரர் பைண்டு பண்ணினது. அதை அங்க வை. மத்ததை எடுத்துண்டு போ" என்றார். அவ்வளவுதான், பாராட்டெல்லாம் இல்லை. ஆனால் மறுநாள் அதே வீதியில் நாலு வீட்டில் எங்களைக் கூப்பிட்டு மூட்டை கொடுத்தார்கள். ஒரு வீட்டில் வால்வு ரேடியோ கிடைத்தது, அதில் மட்டும் எண்பது ரூபாய் நின்றது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஸ்ரீரங்கத்துப் பரணில் எதுவும் இருக்கும். ஓலைச்சுவடி, பழைய விக்கிரகம் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப் பொருளையும், 75 வருஷத்துக்கு மேற்பட்ட மதிப்புள்ள சுவடியையும் லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. சுவடி என்றால் தஞ்சாவூர் சரசுவதி மகால் இருக்கிறது, ஒரு பஸ் தூரம். வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

விற்கிற பக்கத்திலிருந்தும் ஒரு கதை உண்டு. அப்துல் கலாம் 1954 வரை செயின்ட் ஜோசப்பில் படித்துவிட்டு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அந்தக் காலத்தில் புயல் அடித்து ராமேஸ்வரம் சேதமானது. ஊருக்குப் போகக் கையில் காசில்லை. பரிசாகக் கிடைத்த ஒரு பொறியியல் புத்தகத்தை, டிமோஷென்கோ, குடியர் எழுதியது, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைக்குக் கொண்டுபோனார். தேவைப்பட்டது 60 ரூபாய். கடைக்காரர், பரிசுப் புத்தகத்தை விற்க வேண்டாம் என்று 60 ரூபாயைக் கடனாகக் கொடுத்துப் புத்தகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டாராம். இதைக் கலாமே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த மூர் மார்க்கெட் 1985 மே மாசம் எரிந்து போயிற்று. விற்க வருகிறவன் எவ்வளவு அவசரத்தில் வருகிறான் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். அதை வைத்து விலையைக் குறைக்கலாம், கூட்டலாம். மூர் மார்க்கெட்காரர் கூட்டினார்.

சரி, எங்கள் கணக்குக்கு வருகிறேன். ஜனவரிக் கடைசியில் முதல் போக எல்லாம் கழித்து மொத்த லாபம் 3,900. தேவை 11 பேருக்கு 5,280. துண்டு 1,380. சீட்டுக் குலுக்கிப் போட்டு எட்டுப் பேரை முழுசாக அனுப்பலாம் என்று ஒரு கட்சி. பதினொரு பேருக்கும் சமமாகப் பிரிக்கலாம், ஆளுக்கு 126 ரூபாய் அவனவன் புரட்டட்டும் என்று இன்னொரு கட்சி. சமப் பங்கு ஜெயித்தது. ஒரு வாரம் கழித்து மூன்று பேர் தாங்களாகவே வந்து "எங்க பங்கையும் சேத்துக்கோங்கடா" என்றார்கள். ஒருத்தனுக்கு லால்குடிப் பக்கம் சம்பா அறுவடை. ஒருத்தனுக்கு அக்கா கல்யாணம். மூன்றாமவனுக்கு ஒரு காரணமும் இல்லை, அந்த 126 ரூபாய் புரளவில்லை, அவ்வளவுதான். மே மாச வெயிலில் கேரியரில் மூட்டையை வைத்து அதிகம் சைக்கிள் மிதித்தவன் அவன்தான்.

எட்டுப் பேர் போனார்கள். தாஜ்மகால் போட்டோவில் 35 தலை இருக்கும். அவன் பின்னால் லாரி ஆபீஸ் வேலையில் சேர்ந்து எங்களையெல்லாம் விட அதிக தடவை டில்லி போய்விட்டான், அது வேறு விஷயம். இன்றைக்கு இங்கே வரவில்லை. பெயரைச் சொல்லக்கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறான்.

ஆகவே மாணவர்களுக்கு என் யோசனை இது. இப்போது உங்களுக்கு வசதி அதிகம். ஓ.எல்.எக்ஸ். இருக்கிறது, இன்ஸ்டாகிராமில் பழைய சட்டைக்கு 'த்ரிஃப்ட்' என்று பெயர் வைத்து விற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சயின்டிஃபிக் கால்குலேட்டர், லேப் கோட், டி.என்.பி.எஸ்.சி. புத்தகம், சைக்கிள், இவை எல்லாம் வருஷா வருஷம் ஒரு செட்டிடம் மிஞ்சி அடுத்த செட்டுக்குத் தேவைப்படுகிறவை. பழைய செல்போனை மட்டும் பில் இல்லாமல் தொடாதீர்கள், திருட்டுப் பொருளாக இருந்தால் வாங்கினவனும் ஸ்டேஷனில் நிற்கணும்.

வியாபாரத்தில் நாற்பது பேரும் உழையுங்கள். கணக்கு நோட்டை வகுப்பில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். லாபத்தை நாற்பது பேர் டிக்கெட்டிலும் சமமாகக் கழியுங்கள். எங்கள் காலத்தில் 'பதினொரு பேர்' என்று ஒரு பட்டியல் ஆகிவிட்டது. அது வேண்டாம். அப்படிப் பிரித்தால் தலைக்குக் குறைவது கொஞ்சம்தான், அப்புறமும் முடியாதவர்கள் இருப்பார்கள், எனக்குத் தெரியும். அவர்கள் பெயர் துறைத் தலைவர் ஒருத்தருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பாக்கியை 1984-87 செட் போடுகிறது. நேற்று ராத்திரியே பேசி முடித்துவிட்டோம், தொகை பொருளாளரிடம் இருக்கிறது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேலை. வெளிநாட்டில் ஆக்ஸ்ஃபாம் மாதிரி இடங்களில், வீட்டில் மிஞ்சினதை ஜனங்கள் சும்மா கொண்டுவந்து கொடுக்கிறார்கள், விற்ற காசு நல்ல காரியத்துக்குப் போகிறது. ஹாலின் பின்வாசலில் இரண்டு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். பரணில் இருப்பதை அனுப்புங்கள். விலை உள்ளது எது என்று தெரிந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள், பசங்களுக்குப் பக்கம் புரட்டுகிற வேலை மிச்சம். பாடத்திட்டம் மாறிப்போன கைடுகளை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அவற்றை நேரே பேப்பர் கடையில் போட்டுக் காசாகக் கொடுங்கள்.

பத்து நிமிஷம் ஆகிவிட்டது, செயலாளர் வாட்சைப் பார்க்கிறார்.