பாட்டின் பின்னே நிற்பவர்கள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கித்தார் வாசிப்போரைப் பற்றியது. தமிழ்ச் சங்க மேடையில் மேனாட்டுக் கருவிக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். வயலினும் மேனாட்டிலிருந்து வந்ததுதான். இன்று வயலின் இல்லாத பாட்டுக் கச்சேரியைக் காண்பது அரிது. கருவி எந்நாட்டதாயினும், அதிலே நம் பாட்டை எழுப்பிய விரல்கள் நம்மவர் விரல்கள். அவ்விரல்களுக்கு உரியவர்கள் யார் என்று நாம் கேட்டதில்லை. அதுவே என் குறை.

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சென்ற ஆண்டு விழாவில் அறிவிப்பாளனாக நின்றவன் நான். பாடிய குழந்தைகளின் பெயர்களையெல்லாம் படித்தேன். பின்னால் நாற்காலியில் அமர்ந்து எல்லாப் பாட்டுக்கும் கித்தார் வாசித்த பையனை, "மற்றும் குழுவினர்" என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிட்டேன். விழா முடிந்தபின் அவன் தாயார் என்னிடம் வந்து, "என் மகனுக்குப் பெயர் இல்லையா, ஐயா?" என்று மட்டும் கேட்டார். இவ்வாண்டு ஒத்திகைக்கு அப்பையன் வரவில்லை. அக்கேள்விதான் என்னை இன்று இங்கே நிறுத்தியிருக்கிறது.

நம் பாலக்காட்டு மாவட்டத்து எலப்புள்ளியில் 1928ஆம் ஆண்டு பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம். எஸ். விசுவநாதன். அவர் நம்மவர் என்று பெருமை கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். 1964ஆம் ஆண்டு வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒரு பாட்டின் ஒலிப்பதிவையே காட்சியாக்கினார்கள். டி. எம். சௌந்தரராஜன் பாட, விசுவநாதன் கையசைத்து நடத்த, வாத்தியக்காரர்கள் வாசிப்பதை அதிலே காணலாம். பாடியவரையும் இசையமைத்தவரையும் குழந்தையும் அடையாளம் சொல்லும். வாசித்தவர்களில் ஒருவர் பெயரையேனும் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? விசுவநாதனின் இசைக்குழுவில் பல ஆண்டுகள் கித்தார் வாசித்தவர் பிலிப்ஸ் என்பவர். அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே வேளையில் இசைத்துப் பதிவு செய்வார்கள். ஒருவர் விரல் தவறினாலும் பாட்டு முழுவதையும் மீண்டும் தொடங்கவேண்டும். பெயர் வெளியே தெரியாத மனிதர் தலையில் இருந்த பொறுப்பு எத்தகையது என்பதை இதனால் அறியலாம்.

இடுக்கி மலைத்தொடரின் கீழ்ப்பக்கத்துத் தேனி மாவட்டத்தைச் சேர்ந்த பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜாவும் இவ்வாறு இருந்தவரே. இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷுக்கு உதவியாளராக இருந்து, பாட்டுப் பதிவுகளில் கித்தார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகே நாடு அவர் பெயரைக் கேட்டது. அதற்குமுன்பும் அவர் வாசிப்பை நம் வானொலிகள் ஒலித்துக்கொண்டுதான் இருந்தன!

அவர் இசையமைத்த 'பயணங்கள் முடிவதில்லை' 1982இல் வந்தது. 'இளைய நிலா' பாட்டைக் கேளாத தமிழர் இல்லம் இல்லை. பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம், எழுதியவர் வைரமுத்து, திரையில் தோன்றியவர் மோகன் என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். அப்பாட்டுக்கு உயிராக ஓடும் கித்தாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்பதைச் சொல்வோர் சிலரே. அக்குழுவிலே சதானந்தமும் கித்தார் வாசித்தார். பேஸ் கித்தாரைச் சசிதரன் வாசித்தார். பேஸ் கித்தார் பெரும்பாலும் நான்கு தந்திகள் உடையது. தாழ்ந்த சுரங்களால் பாட்டைத் தாங்குவது. சிறிய டிரான்சிஸ்டர் வானொலியில் அவ்வொலி சரியாகக் கேட்பதுமில்லை. வீட்டைத் தாங்கும் கடைக்கால் மண்ணுக்குள் மறைந்திருப்பது போல, அவர்தம் உழைப்பு நம் காதுக்கும் மறைந்தே போயிற்று.

திரையிசை ஒருபுறம் இருக்க, மரபிசையிலும் இந்நிலை உண்டு. கித்தாரின் கழுத்தில் உலோகக் கட்டைகள் பதித்து, சுர நிலைகளை வரையறுத்திருக்கிறார்கள். நம் இராகங்களோ கமகத்தால் வாழ்பவை. ஆகவே ஜோத்பூரில் பிறந்த பிரிஜ் பூஷண் காப்ரா, கித்தாரை மடியில் கிடத்தி, எஃகுக் கோலைத் தந்திமேல் நகர்த்தி, இந்துஸ்தானி இசையை வாசித்தார். நம் கோட்டுவாத்தியத்தின் முறையும் இதற்கு நெருங்கியதே. 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் வாசித்த 'கால் ஆஃப் த வேலி' இசைத்தட்டு உலகப் புகழ் பெற்றது. மற்ற இருவர் பெயரும் பரவிய அளவுக்குக் காப்ராவின் பெயர் பரவவில்லை. நம் கருநாடக இசையை மின்கித்தாரில் வாசிக்க முன்வந்து வழிகாட்டியவர் சுகுமார் பிரசாத். பின்வந்த பிரசன்னாவை வெளிநாடுகளும் அறியும். முன்னே பாதை வெட்டியவரை நம் நாடே போதிய அளவு அறியவில்லை.

இக்குறைக்கு மருந்தும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. செம்பை வைத்தியநாத பாகவதர், தம் மேடையில் உடன் வாசிப்போரைத் தட்டிக்கொடுத்து வளர்த்த பெருந்தகை. இளம் வயதினரான பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்தைத் தம் கச்சேரிகளில் இடம்பெறச் செய்து உயர்த்தியவர்களில் அவர் முதன்மையானவர். அதனால் பாகவதரின் புகழ் குறைந்ததா? பெருகவே செய்தது.

நாம் கொழிஞ்சாம்பாறையில் வாழ்கிறோம். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, நம் ஊர் அதில் அடங்கிற்று. பொள்ளாச்சி அருகிலிருந்தும் நாம் எல்லைக்கு இப்புறம் இருக்கிறோம். கணக்கில் விடுபட்டுப் போவது எத்தகைய வருத்தம் என்பது எல்லையோரத்தவர்க்குப் பிறர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவ்வருத்தத்தை நம் மேடையிலேயே ஒரு பிள்ளைக்கு நாம் தரலாமா?

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். இனி நம் அழைப்பிதழில் "மற்றும் குழுவினர்" என்ற சொற்கள் வேண்டாம். வாசிக்கும் ஒவ்வொருவர் பெயரும், அவர் கருவியின் பெயரும் அச்சேறட்டும். அதற்குக் கூடுதலாக நான்கு வரிதான் ஆகும். வீட்டில் பாட்டுக் கேட்கும்போது, "இதை வாசித்தவர் யார்?" என்று குழந்தைகளைக் கேட்கப் பழக்குங்கள்.

நாளைக் காலை அப்பையன் வீட்டுக்குச் சென்று, அவனிடமும் அவன் தாயாரிடமும் மன்னிப்புக் கேட்க இருக்கிறேன். அடுத்த ஆண்டு அவன் இம்மேடையில் அமர்வானாயின், முதலில் படிக்கப்படும் பெயர் அவனுடையதாக இருக்கும் என்று உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன்.