வந்து போகிறவர்கள்

கம்பம் பள்ளத்தாக்கின் பெரியவர்களே, விடிகாலை ஜீப்பில் குமுளி மலையேறி, ஏலக்காட்டு வேலை முடித்து, இறங்கிய கையோடு தூக்குவாளியும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "தேவிகுளம், பீர்மேடு எங்கள் பாட்டன் சொத்து" என்றார். கை தட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். மாநில எல்லை பிரித்த நவம்பர் 1 வந்தால் தட்டுவோம், 2-ஆம் தேதி மறந்துவிடுவோம். பாட்டன் சொத்து என்றால் பத்திரம் எங்கே என்று எதிராளி கேட்பான். அந்தப் பத்திரத்தை இன்றைக்குப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

1877-இல் பூஞ்சாற்று அரசர் கேரள வர்மா, ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கண்ணன் தேவன் மலையை எழுதிக் கொடுத்தார். பூஞ்சாற்றுக் குடும்பம் பாண்டியர் வழி, மதுரையிலிருந்து போனவர்கள், இன்றும் மீனாட்சியைக் கும்பிடுகிறவர்கள், ஆகவே இது பாண்டிய நாட்டு மலை என்பது நம் வாதம். அந்தப் பூஞ்சாறு 18-ஆம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூருக்கு அடங்கிவிட்டது, மன்றோ வாங்கிய பத்திரத்துக்கே திருவிதாங்கூர் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் உயிர் வந்தது என்பது அவர்கள் வாதம். இரண்டு வாதத்திலும் சரக்கு இருக்கிறது. கண்ணன் தேவன் என்பதே அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயர் என்பார்கள். அந்தப் பெயர் டீத்தூள் பொட்டலத்தில் மிஞ்சியது. இந்தக் காகிதங்களுக்கெல்லாம் முன்னாலேயே அந்த மலையில் இருந்த முதுவரை எந்த ராஜாவும் கேட்கவில்லை, எந்தத் துரையும் கேட்கவில்லை. நாமும் கேட்டதில்லை, அதையும் ஒத்துக்கொள்வோம்.

அடுத்த பத்திரம் இன்னும் சங்கடமானது. 1886 அக்டோபர் 29, பெரியாறு குத்தகை. 999 வருஷம். அணையின் நீர்பரப்புக்கு 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். வெள்ளைக்கார அரசுக்காகக் கையெழுத்துப் போட்டவர் ரெசிடெண்ட் ஹானிங்டன். திருவிதாங்கூருக்காகப் போட்ட திவான் யார் தெரியுமா? ராமய்யங்கார்! (சிரிப்பு) சிரியுங்கள். ஆனால் கேள்வி பாக்கி இருக்கிறது: தன் நிலத்தை எவனாவது குத்தகைக்கு எடுப்பானா? அந்த ஏட்டில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே, மலை திருவிதாங்கூருடையது என்று சென்னை ராஜதானி ஒப்புக்கொண்டது. 2014-இல் அந்தக் குத்தகை இன்றும் செல்லும் என்று உச்ச நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தவர்களும் நாம்தான். 142 அடி நீர்மட்டத்துக்கு 2006-இல் கிடைத்த அனுமதியை உறுதி செய்துகொண்டதும் அந்த வழக்கில்தான். உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவதே அந்தக் குத்தகையின் பலத்தில். குத்தகை செல்லும் என்று சொன்ன வாயாலேயே நிலமும் எனது என்றால், நம் வக்கீலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

ஆகவே ராஜாக்களின் ஓலையைக் கட்டி வையுங்கள். நமக்கு இருந்த ஒரே உண்மையான பாத்தியதை அங்கே குடியிருந்த ஜனங்கள். அதைத்தான் 1955-இல் நம்மிடமிருந்து பிடுங்கினார்கள்.

மாநிலச் சீரமைப்பு ஆணையம். தலைவர் ஃபசல் அலி, உறுப்பினர்கள் குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர். தேவிகுளத்தில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் தமிழர் என்பது அவர்களுக்குத் தெரியும். பீர்மேட்டில் பாதிக்குக் கீழே, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டைக்குத் தலையை எண்ணிய ஆணையம், தேவிகுளத்துக்கு வந்ததும் எண்ணிக்கையை நம்ப மறுத்தது. இங்கே இருக்கிற தமிழர்கள் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள், அதனால் கணக்கில் நிற்கமாட்டார்கள் என்றது.

வந்து போகிறவர்கள்! எந்தப் பாதையில் வந்தார்கள், எத்தனை தலைமுறைக்கு முன் வந்தார்கள், போனது எங்கே? கங்காணி கூட்டி வந்தவன் காட்டை வெட்டினான், மலேரியாவில் செத்தான், அங்கேயே புதைந்தான். அந்த மண்ணுக்குள் போனதைத் தவிர அவன் வேறெங்கும் போகவில்லை.

சரி, வந்தவர்களைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது விதி என்றே வைத்துக்கொள்வோம். அதே காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளையின் ஆட்சி கீழ்நாட்டிலிருந்து மலையாளக் குடும்பங்களைக் கொண்டுவந்து, குடும்பத்துக்கு 5 ஏக்கர் கொடுத்து மலைமேல் குடியமர்த்தியது. கல்லாற்றில் இருக்கும் ஊருக்கு இன்றும் பட்டம் காலனி என்றுதான் பெயர். அவர்களும் ஏழைகள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் நேற்று வந்து 5 ஏக்கர் வாங்கியவன் நிரந்தரவாசி, மூன்று தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவள் வந்து போகிறவள் என்றால், நிலம் கொடுத்தால் நிரந்தரம், கூலி கொடுத்தால் தற்காலிகம் என்றல்லவா ஆகிறது?

பணிக்கர் மலையாளி, அதனால்தான் என்று நம் மேடைகளில் முடித்துவிடுவார்கள். நான் வேறொன்று சொல்கிறேன். ஃபசல் அலி பீகாரோடு நெடுங்காலம் தொடர்புள்ளவர். பீகார், வங்காளம், ஒரிசா எல்லைத் தகராறு வந்தபோது அதைத் தீர்மானிப்பதிலிருந்து அவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த நாகரிகம் அந்த ஆணையத்துக்குள்ளேயே இருந்தது. காவாலத்தில் பிறந்த பணிக்கருக்கு திருவிதாங்கூர் எல்லையில் அது தோன்றவில்லை. அதே சமயம், மற்ற இருவரும் அந்த அறிக்கையில்தான் கையெழுத்திட்டார்கள் என்பதையும் மறக்காதீர்கள்.

"மேடாவது குளமாவது" என்று காமராசர் சொன்னதாக ஒரு வாசகம் ஊரெல்லாம் ஓடுகிறது. எங்கே, என்றைக்குச் சொன்னார் என்று கேட்டால் இதுவரை ஒருவரும் எனக்குக் காட்டவில்லை. போன மனிதரைத் திட்டுவது சுலபமான வேலை, பஸ் கட்டணம்கூட வேண்டாம். திருவிதாங்கூர்த் தமிழர்களின் தலைவர் நேசமணி அப்படி மேடையோடு நிற்கவில்லை. 1954-இல் தடையை மீறி மூணாறுக்கே போய்க் கைதானார். அந்த ஆகஸ்டு 11-ஆம் தேதி தெற்கே மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கி வெடித்தது.

இப்போது இன்றைய கதை. மூணாற்றில் பட்டியல் சாதித் தமிழன் பிள்ளைக்குச் சாதிச் சான்று கேட்டுப் போனால், 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே உன் குடும்பம் இங்கே இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள். தேவிகுளம் சட்டமன்றத் தேர்தல் வழக்கு ஒன்று இந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டு உச்ச நீதிமன்றம் வரை போய் வந்தது. 1955-இல் நீ இங்கே இருக்கப் போவதில்லை என்றார்கள். இன்றைக்கு நீ அன்றே இங்கே இருந்தாய் என்று நிரூபி என்கிறார்கள்!

தோட்டத்து லயத்தில் ஒரு அறை, ஒரு அடுப்படி. வேலை முடிந்து ஓய்வு பெற்றால் அந்த அறையும் போய்விடும். 2015-இல் போனசுக்காகப் பெண்கள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள், சங்கத் தலைவர்களை நீங்கள் எட்டி நில்லுங்கள் என்று சொல்லிவிட்டே உட்கார்ந்தார்கள். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் இரவில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர். பலருக்குப் பூர்வீகம் கயத்தாறு பக்கம். இங்கேயும் பட்டா இல்லை, அங்கேயும் பட்டயம் இல்லை.

கண்ணகி கோவிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கோவில் இருக்கும் வண்ணாத்திப்பாறை நம் எல்லைக்குள் என்பதுதான் நம் வாதம். கேரளம் ஒப்பவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு ஒரே ஒரு நாள், இரண்டு கலெக்டரும் கூடிப் பேசி, குமுளியில் ஜீப்புக்கு வரிசை நின்று போகிறோம். நம் பக்கம் பளியங்குடியிலிருந்து 6 கிலோமீட்டருக்கு மேல் காட்டுப் பாதை இருக்கிறது. அதை ஏன் இத்தனை ஆண்டுகளாக ஒழுங்குபடுத்தவில்லை? அதற்குத் திருவனந்தபுரமா தடை? சென்னையைக் கேளுங்கள்.

எல்லையை மாற்ற வேண்டுமென்றால் அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, நாடாளுமன்றம், அங்கேதான் வழி. அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை கோஷத்தால் ஒரு லயத்துக் கதவும் திறக்காது. 2011 டிசம்பரில், அணைத் தகராறின்போது, இங்கே நாம் குமுளியை நோக்கி ஊர்வலம் போனபோது, மேலே ஏலக்காட்டிலிருந்து பயந்து ஓடி வந்தது யார்? முன்வரிசையில் இருக்கிற நீங்கள்தானே அம்மா.

மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். மேலே உறவு இருக்கிறவர்கள், தாத்தா பாட்டி பெயர் உள்ள தோட்டச் சீட்டு, பழைய ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சான்று, எது இருந்தாலும் நகல் எடுத்துக் கொடுங்கள். 1950-க்கு முந்தியது என்றால் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டிக்கொள்ளலாம். இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள். தூறல் விழுகிறது. காலையில் ஜீப்புக்குப் போக வேண்டிய பெண்கள் முதலில் வாருங்கள்.