பழ ஈ தரும் பாடம்

மைசூருத் தேவராஜா சந்தையில் கனிந்த வாழைப்பழங்களைச் சுற்றிச் சிறு ஈக்கள் மொய்ப்பதைப் பார்த்திருப்போம். பழ ஈ எனப்படும் அவ்வினத்தை, இந்நகரின் மானசகங்கோத்திரி வளாகத்தில் மைசூருப் பல்கலைக்கழக விலங்கியல் துறையினர் கண்ணாடிக் குப்பிகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்து ஆராய்ந்து வருகின்றனர். முட்டை ஈயாவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் போதும். ஆதலின் பரம்பரை இயல்பை அறிய விழைவோர்க்கு இவ்வீ சிறந்த துணை.

எக்ஸ்-கதிர் பட்ட ஈக்களின் சந்ததியில் பரம்பரை மாற்றங்கள் பன்மடங்கு பெருகுகின்றன என்பதை 1927-இல் அமெரிக்க அறிஞர் முல்லர் காட்டினார்; 1946-இல் நோபெல் பரிசும் பெற்றார். கதிர் உயிரணுவினுள் புகுந்து பரம்பரைப் பொருளின் இழையை அறுக்கிறது. உயிரணு பெரும்பாலும் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளும். இயலாவிடில் மடியும், அன்றிப் பிழையோடு பெருகும். விரைந்து பெருகும் உயிரணுக்களே எளிதில் தாக்குண்ணும். புற்றுநோய்க்குக் கதிர் மருந்தாவதும், கருவிலுள்ள சிசுவுக்குப் பகையாவதும் இக்காரணம் பற்றியே.

1945-இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தபோது எட்டு முதல் பதினைந்து வாரக் கருவாயிருந்த குழந்தைகள் சிலர்க்கு மூளை வளர்ச்சி குன்றியது. ஆயினும், தப்பியோர்க்குப் பின்னர்ப் பிறந்த மக்களிடம் பரம்பரைக் கேடு மிகுந்ததாக ஆய்வுகளில் தெளிவாகத் தென்படவில்லை.

மருத்துவமனை எக்ஸ்-ரேயின் அளவு இதற்கு மிக மிகச் சிறியது. அஃதறியாமல் நம் வீட்டிலேயே ஒரு கலக்கம் நேர்ந்தது. நம் தம்பியின் மனைவி இந்நகருக்கு வந்த புதிதில் இடுப்பு வலிக்காக எக்ஸ்-ரே எடுத்துக்கொண்டாள். கருவுற்றிருப்போர் முன்னரே தெரிவிக்க வேண்டும் என்னும் அறிவிப்பு, சுவரில் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அவள் கற்றதோ தமிழ் ஒன்றே. நாள் தள்ளியிருந்ததை அவள் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமோ அன்று உடன் செல்லவில்லை. அஞ்சத்தக்க அளவன்று என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். குழந்தையும் நலமாகவே பிறந்தது. ஆயினும் அதுவரை வீட்டில் எவர்க்கும் நல்லுறக்கம் இல்லை.

ஆகவே, அயல் மாநிலத்தில் வாழும் நாம் மனத்தில் கொள்ளத்தக்கவை இரண்டு. விளக்கை அணைத்ததும் ஒளி மறைவதுபோல் எக்ஸ்-கதிரும் மறைந்துவிடும், உடலில் தங்காது. தேவையான சோதனையை அச்சத்தால் மறுத்தல் வேண்டா. ஆனால், கரு தரித்திருக்கலாம் என்னும் ஐயம் எழுந்தால், அறிந்த மொழியில், அரைகுறையாகவேனும், முன்கூட்டிச் சொல்லிவிடுக. மொழி அறியாத பெண்டிரோடு மொழி அறிந்தவர் ஒருவர் துணை செல்க.