ஆட்டத்தில் யாரும் 'அவுட்' இல்லை



மொழிப்பாடத்தில் விளையாட்டு வேண்டும் என்பதை நாம் எல்லாரும் ஏற்கிறோம். நான் ஒரு விதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: 'சொல்லத் தெரியாதவர் அவுட்.'

சொல் சங்கிலி ஆடுகிறோம். படகு, குருவி, விறகு என்று போகிறது. வாசிக்கத் திணறும் மாணவர் முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறார். நன்றாகப் படிப்பவர் கடைசிவரை ஆடுகிறார். பயிற்சி யாருக்குத் தேவையோ அவருக்கு அது கிடைப்பதில்லை.

விதியை மாற்றுவோம். நான்கு பேர் ஒரு குழு, புள்ளி குழுவுக்கு. சொல் வராதவர் தன் குழுவில் கேட்கலாம். ஆனால், அந்தச் சொல்லை அவரே கரும்பலகையில் எழுத வேண்டும்.

விறகுக்குப் பின் 'குடை' வந்தால் சங்கிலி நின்றுவிடும். உடனே காரணம் சொல்லாதீர்கள். யாராவது 'டைரி' என்பார். அது தமிழ்ச்சொல்லா என்று கேளுங்கள். ட, டா, டி வரிசையில் தொடங்கும் தமிழ்ச்சொற்களைத் தேடச் சொல்லுங்கள். தேடிக் களைத்தபின் மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிச் சொன்னால் மனத்தில் நிற்கும்.

ஆட்டம் முடிந்ததும், இன்று ஒரு சொல்கூட எழுதாதவர் யார் என்று பாருங்கள். நாளைய ஆட்டம் அவரிடமிருந்து தொடங்கட்டும்.