வயதைக் கேட்காத கோர்ட்டுகள்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் கூட்டங்களில் கூலி, ரேஷன் கார்டு, குடிசை இடிப்பு, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளி என்று பேசுவதுதான் வழக்கம். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கொலை வழக்கு. "கொலைகாரனுக்காகச் சங்கம் ஏன் வாய் திறக்க வேண்டும்?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்டது சரிதான். முழுவதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

1994 ஆகஸ்ட் 26 அன்று புனே நகரில் ஒரே வீட்டில் ஏழு பேர் கொலை செய்யப்பட்டார்கள். ஐந்து பெண்கள், அவர்களில் ஒருவர் கர்ப்பிணி. மற்ற இருவரும் குழந்தைகள். நகைக்கும் பணத்துக்கும் நடந்த கொலை என்றது போலீஸ். கேட்டவர் நெஞ்சு பதறாமல் இருக்குமா? அந்தக் குடும்பத்தில் மிஞ்சியவர்களின் துக்கத்தை எந்தத் தீர்ப்பும் ஆற்றாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறேன். செத்தவர்களை மறந்துவிட்டு நியாயம் பேசுகிறவன் நான் இல்லை.

வழக்கில் மூன்று பேர் பிடிபட்டார்கள். மூவரும் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒருவர் அப்ரூவர் ஆனார். அவருக்கு மன்னிப்புக் கிடைத்தது. மற்ற இருவருக்கும் 1998 பிப்ரவரியில் புனே செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 ஜூலையில் பம்பாய் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. 2000 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. அரிதினும் அரிதான வழக்குக்குத்தான் தூக்கு என்று 1980இல் பச்சன் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விதி வகுத்தது அல்லவா? ஏழு உயிர் போன இந்த வழக்கு அந்த விதிக்குள் அடங்கும் என்று மூன்று கோர்ட்டுகளும் சொல்லிவிட்டன. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தண்டனை பெற்ற இருவரில் ஒருவருக்கு 2016இல் ஜனாதிபதி தூக்கை ஆயுளாகக் குறைத்தார். இன்னொருவரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. குற்றம் சாட்டப்பட்ட சிறுவரின் பெயரை வெளியிடக் கூடாது என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. ஆம், சிறுவர்தான்.

போலீஸ் தாளில் அவருக்கு இருபது வயதுக்கு மேல். அந்தத் தாளை நம்பித்தான் மூன்று கோர்ட்டுகளும் நடந்தன. ஆனால் அவருடைய சொந்த ஊரில், பிக்கானீர் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில், ஒரு பதிவேடு இருந்தது. அதில் அவர் பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1 என்று எழுதியிருந்தது. கொலை நடந்த அன்று அவருக்கு வயது என்ன? பன்னிரண்டரை!

2018இல் அவர் சார்பில் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போடப்பட்டது. 2019 ஜனவரியில், இது உண்மையா என்று விசாரித்துச் சொல்லும்படி புனே மாவட்ட நீதிபதிக்கு உத்தரவு போயிற்று. மகாராஷ்டிர அரசு எதிர்த்தது. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் பெயர் ஒன்று, வழக்கில் இருக்கும் பெயர் வேறொன்று, அவன் வேறு இவன் வேறு என்று வாதாடியது. விசாரணையில் இருவரும் ஒருவரே என்று தெளிவாயிற்று. 2023 மார்ச் 27 அன்று நீதிபதிகள் கே. எம். ஜோசப், அனிருத்த போஸ், ரிஷிகேஷ் ராய் ஆகிய மூவரும் அதை ஏற்று, தூக்குத் தண்டனை சட்டப்படி செல்லாது என்று கூறி, அவரை விடுதலை செய்ய உத்தரவிட்டார்கள். பன்னிரண்டு வயதுப் பையன் இத்தனை கொடுமையைச் செய்திருப்பானா என்ற கேள்வி நீதிபதிகள் மனத்திலும் எழுந்தது. ஆனாலும் ஊகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஆவணம் என்ன சொல்கிறதோ அதுதான் என்று முடிவு செய்தார்கள்.

அதற்குள் அவர் சிறையில் கழித்தது 28 ஆண்டுகள். அதில் 25 ஆண்டுகள் தூக்குக் கைதியாக! சிறுவனாகவே நடத்தியிருந்தால் இன்றைய சட்டப்படி அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் சிறார் இல்லத்தில் இருந்திருப்பார்.

தோழர்களே, இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் கொலையில் சம்பந்தப்படாதவர் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. என் கேள்வி அது அல்ல. அவருக்கு நடந்தது நியாயமான விசாரணையா என்பதே கேள்வி. அல்ல என்பதே என் பதில். ஏன்?

1994இல் சிறுவர்களுக்குச் சட்டம் இல்லாமலா இருந்தது? 1986ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் அன்றைக்கும் அமலில் இருந்தது. பதினாறு வயது நிரம்பாத பையனுக்குத் தூக்கும் கூடாது, சிறையும் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. அப்படியானால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு அவரை விசாரிக்கும் அதிகாரமே கிடையாது. அதிகாரம் இல்லாத இடத்தில் நடந்த விசாரணையை எப்படி நியாயமான விசாரணை என்பது? சாட்சிகள் எவ்வளவு பலமாக இருந்தால் என்ன, வாசற்படியே தவறாயிற்றே!

எங்கள் ரயில்வே ஆபீசில் ஒரு கலாசியின் சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதியில் ஓர் எண்ணைத் திருத்த வேண்டுமானால் எத்தனை தாள் கேட்பார்கள் தெரியுமா? பள்ளிச் சான்றிதழ் எங்கே, பிறப்புப் பதிவு எங்கே, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். ஓராண்டு பென்ஷனுக்கு இவ்வளவு சோதனை. ஒரு மனிதனைத் தூக்கில் போடுவதற்கு மட்டும் போலீஸ்காரர் பார்வையில் பட்ட வயது போதுமா?

"அப்பொழுதே சொல்லியிருக்கலாமே" என்பார்கள். யார் சொல்வது? பிழைப்புக்காக மொழி தெரியாத ஊருக்கு வந்த பையன். வழக்கு நடந்தது அவன் பிறந்த ஊரிலிருந்து நெடுந்தொலைவில். கிராமத்துப் பள்ளிப் பதிவேட்டைத் தேடிக் கொண்டுவந்து தர அவனுக்கு யார் இருந்தார்கள்? பணம் உள்ளவன் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கைது செய்த அன்று மாலைக்குள் பிறப்புச் சான்றிதழோடு வக்கீல் வந்து நின்றிருப்பார். இல்லையா?

இது ஏதோ ஒரு வழக்கில் நடந்த தவறு என்று விட்டுவிட முடியாது. இதே மாநிலத்தில் இன்னொன்றைப் பாருங்கள்.

2003 ஜூன் 5 இரவு நாசிக் மாவட்டத்தில் ஒரு குடிசையில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். பெண்கள் மீது பாலியல் கொடுமையும் நடந்தது. ஒரு தாயும் அவருடைய மகனும் உயிர் தப்பினார்கள். ஆறு பேரைப் பிடித்தார்கள். அறுவரும் நாடோடிப் பழங்குடியினர், பரம ஏழைக் கூலிகள். 2006இல் செஷன்ஸ் கோர்ட் அறுவருக்கும் தூக்கு என்றது. 2007இல் ஹைகோர்ட் மூவருக்குத் தூக்கை ஆயுளாக்கியது. 2009இல் சுப்ரீம் கோர்ட் அந்த மூவருக்கும் மறுபடி தூக்கு என்றது. அறுவரில் ஒருவர் சம்பவத்தின்போது பதினெட்டு நிரம்பாதவர் என்பது 2012இல்தான் நிரூபணமாயிற்று. 2018இல் சுப்ரீம் கோர்ட் தன் தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு வழக்கைப் புதிதாகக் கேட்டது. அப்போது வெளிவந்தது என்ன? உயிர் தப்பிய அந்தத் தாய், சம்பவம் நடந்த இரண்டாம் நாளே போலீஸ் காட்டிய போட்டோ ஆல்பத்தில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார்! அந்த நால்வரைப் போலீஸ் கைது செய்யவே இல்லை. 2019 மார்ச் 5 அன்று அறுவரையும் குற்றமற்றவர்கள் என்று சுப்ரீம் கோர்ட் விடுவித்தது. ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் தரவும், தவறு செய்த அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டது. பதினாறு ஆண்டுகள் போனது போனதுதான்.

இதில் இன்னொரு அநியாயத்தையும் எண்ணிப் பாருங்கள். அந்தக் குடிசையில் ஐந்து பேரைக் கொன்றவன் எவனோ, அவன் சிக்கவே இல்லை. அநியாய விசாரணை செத்தவர்களுக்கும் சேர்த்துச் செய்யும் துரோகம். அறுவரை உள்ளே தள்ளிவிட்டதால் வழக்கு முடிந்ததாகக் கணக்கு எழுதினார்கள். அந்தத் தாய்க்கு நியாயம் கிடைத்ததா?

ஆகவே, கொலை எவ்வளவு கொடியதோ அவ்வளவு கவனமாக விசாரணை நடக்க வேண்டும். நடப்பதோ தலைகீழ். ஊர் கொதிக்கிறது, பத்திரிகை கேட்கிறது, போலீசுக்கு ஆள் வேண்டும். அந்த நேரத்தில் கைக்குச் சுலபமாக அகப்படுகிறவன் யார்? வெளியூர்க்காரன், விலாசம் இல்லாதவன், மொழி தெரியாதவன், கேட்க நாதியற்றவன். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தார் நாடு முழுவதும் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கைதிகளில் நூற்றுக்கு 74 பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று கண்டார்கள். கொலை செய்பவர்கள் எல்லாம் ஏழைகளா? இல்லை. தூக்குமேடை வரை போய்ச் சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். இந்த வித்தியாசத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப்பக்கத்திலிருந்தும் பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து, முறுக்குப் போடும் இடங்களுக்குச் சின்னப் பையன்களை வடக்கே கூட்டிவந்தது உங்களுக்குத் தெரிந்த சங்கதி. வேலைக்கு வைத்தவன் "வயது பதினெட்டு" என்றுதான் சொல்வான். இல்லாவிட்டால் அவன் மாட்டிக்கொள்வான். அந்தப் பொய் வயது ஒரு நாள் போலீஸ் தாளில் ஏறினால் என்ன ஆகும்? பெயரும் அப்படித்தான். நம்முடைய இனிஷியல் இங்கே யாருக்கும் புரிவதில்லை. பள்ளியில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் அப்பா பெயர் முன்னே, ஆதாரில் வேறு எழுத்து. "அவன் வேறு இவன் வேறு" என்று அரசு வக்கீல் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

அதனால் ஒவ்வொரு குடும்பமும் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பள்ளியை விட்டு நிறுத்தினாலும் மாற்றுச் சான்றிதழை வாங்காமல் விடாதீர்கள். வயதைத் தீர்மானிக்கக் கோர்ட் முதலில் பார்ப்பது பள்ளிச் சான்று. அது இல்லையென்றால் நகராட்சி, ஊராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் டாக்டர் பரிசோதனை. எல்லாத் தாளிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கட்டும்.

இரண்டு: பதினெட்டு நிரம்பாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது, சிறார் நீதி வாரியத்தின் முன் கொண்டுபோக வேண்டும். மிகக் கொடிய குற்றம் என்றால் பதினாறுக்கு மேற்பட்டவரைப் பெரியவர் போல விசாரிக்க 2015ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அப்போதும் தூக்குக் கிடையாது. வயதைப் பற்றிய முறையீட்டை எந்தக் கட்டத்திலும், கடைசித் தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். புனே வழக்கில் உயிர் காத்தது இந்த விதிதான்.

மூன்று: யாரைக் கைது செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும், வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். போலீசிடம் சாட்சியாகச் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கோர்ட்டில் சாட்சியம் புரியாத மொழியில் நடந்தால் மொழிபெயர்த்துச் சொல்லும்படி கேட்பது உரிமை.

நான்கு: காசு இல்லை என்று வக்கீல் இல்லாமல் நிற்காதீர்கள். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அதற்கான சட்டப் பணிகள் ஆணையம் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இலவச வக்கீல்தானே என்று சும்மா இருந்துவிடாமல், அவரைப் போய்ப் பார்த்து, தாள்களைக் கையில் கொடுத்து, தேதிக்குத் தேதி விசாரியுங்கள்.

ஐந்தாவது, சங்கம் செய்ய வேண்டியது. அதை ஒரு தீர்மானமாகவே முன்மொழிகிறேன். நம் உறுப்பினர் குடும்பங்களின் பிள்ளைகள் அனைவருக்கும், தனியாக வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பையன்களுக்கும், பெயர், பிறந்த தேதி, சொந்த ஊர், படித்த பள்ளி ஆகியவற்றை எழுதி, சான்றிதழ் நகலோடு சங்கத்தில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். யாரேனும் பிடிபட்டால் அன்றைக்கே இரண்டு தோழர்கள் அந்த நகலோடு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். குற்றம் செய்தானா இல்லையா என்று அவர்கள் வாதாட வேண்டாம். அது கோர்ட்டின் வேலை. "இவன் இன்னார், இவனுக்கு இத்தனை வயது, இவனைக் கேட்க ஆள் உண்டு" என்று சொன்னால் போதும்.

பதிவேட்டை எழுதும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். குமாஸ்தாவுக்குத் தெரிந்த வேலை அதுதான். வரும் ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அறையில் இருப்பேன். தாய்மார்கள் பெட்டியில் மடித்து வைத்திருக்கும் தாள்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள்.

தீர்மானத்தை வழிமொழியும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.