கோயிலும் கானகமும்



டோக்கியோ மாநகரில், யோயோகிப் பூங்காவை ஒட்டி அமைந்துள்ளது மெய்ஜி ஆலயம். பேரரசர் மெய்ஜிக்கும் அரசியார்க்கும் 1920-இல் எழுப்பப்பட்ட ஷிந்தோ திருக்கோயில் அது. அங்குச் சென்ற நாம், மரத்தாலான பெருவாயிலைக் கடந்து, கைகழுவி வாய் கொப்பளித்து, முறைப்படி வணங்கினோம். ஆயினும் நம் நெஞ்சைக் கவர்ந்தது சூழ்ந்து நின்ற கானகமே. நாட்டின் பல பகுதி மக்களும் அனுப்பிய ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு வளர்த்த காடு அது! பாதையில் உதிரும் சருகுகளையும் கூட்டி மரத்தடிக்கே சேர்க்கின்றனர். 1945-இல் குண்டுவீச்சில் கோயில் எரிந்தது, காடு நிலைத்தது. அக்காட்டினிடையே 1958-இல் கோயில் மீண்டும் எழுந்தது.

கேரளத்துக் காவுகளும் இந்நெறியினவே. பெரும்பாவூரை அடுத்த இரிங்ஙோள் காவில் பகவதி இன்றும் காட்டினிடையே வீற்றிருக்கிறாள். ஆனால், வீட்டுமனைக்காக அழிந்த சர்ப்பக்காவுகள் எத்தனை! திருப்பூணித்துறையில் குடியேறிய நாமும் மனை தேடுவோரே அல்லவா? பல ஊர் மரங்கள் ஒரு மண்ணில் வேரூன்றிக் காடானாற்போல, பல ஊர்த் தமிழராகிய நாமும் இம்மண்ணுக்கு நிழலாதல் வேண்டும். வாங்கும் மனையில் காவு இருப்பின் காப்போம். இல்லையேல் ஒரு மரமேனும் நடுவோம்.