பூட்டிய பின் திறக்கும் அறை



நூல்நிலையம் என்றவுடன் புத்தக அலமாரியும் பத்திரிகை மேஜையும் நம் நினைவுக்கு வருகின்றன. பல நூல்நிலையங்களில் மற்றோர் அறையும் உண்டு. அது மக்கள் கூடிப் பேசும் அறை. நூல் வழங்கும் நேரம் முடிந்த பின்னர் அவ்வறையை யாருக்கு, எந்த விதிப்படி அளிப்பது? சிறிய விஷயமாகத் தோன்றலாம். எல்லைப்புறத்துத் தமிழருக்கு அது சிறிதன்று.

கேரளத்து நூல்நிலையங்களில் பெரும்பாலானவை ஊரார் கூடி வளர்த்தவை. 1945-ல் பி. என். பணிக்கர் முன்னின்று, திருவிதாங்கூரில் 47 நூல்நிலையங்களை ஒரு சங்கமாக இணைத்தார். இன்று மாநில நூல்நிலையக் கவுன்சிலின் அங்கீகாரமும் மானியமும் இருப்பினும், ஊர் வாசகசாலையை நடத்துவது உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கும் குழுவே. இது பெருமைக்குரிய ஏற்பாடு. ஆனால் சாவி ஒரு காரியதரிசியின் கையில் இருக்கிறது. எழுதிய விதி இல்லாத இடத்தில் அவருக்கு அறிமுகமானவர்க்கே அறை எளிதில் கிடைக்கும். இதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டுமென்பதில்லை. முகதாட்சணியம் ஒன்றே போதும்.

தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காட்டை அடுத்த சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும் தமிழர் பலர் வாழ்கின்றனர். நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு மாலைக்குப் பின்னரே ஓய்வு. அலுவலகத்தார் 'நேரம் கடந்தது' என்று சொல்லும் பொழுதுதான் அவளுக்குக் கிடைக்கும் ஒரே நேரம். 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தோட்டப் பெண்கள் போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும், தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துத் தாமே போராடினர். அவர்கள் கூடியது வீதியில். சங்கக் கட்டடத்தையோ கட்சி அலுவலகத்தையோ நாட விரும்பாதவர் கூடிப் பேசுவதற்குப் பொது நூல்நிலையத்தைவிடப் பொருத்தமான கூரை வேறு எது?

அமெரிக்க நூல்நிலையச் சங்கம் 1939-லேயே இது பற்றி ஒரு கொள்கை வகுத்தது. கொள்கையையும் சார்பையும் பாராமல் எல்லாக் குழுவினர்க்கும் கூட்ட அறையைச் சம நிபந்தனையில் அளிக்க வேண்டும் என்பது அது. நம் ஊர்க் குழுக்களும் இதைத் தயக்கமின்றி ஏற்கலாம். என்ன பேசப்போகிறீர்கள் என்று கேட்பது நிர்வாகத்தின் வேலையன்று. எத்தனை பேர், எத்தனை மணி வரை, ஒலிபெருக்கி உண்டா, உடைந்ததற்கு யார் பொறுப்பு—இவ்வளவு கேட்டால் போதும்.

கட்டணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். விளக்கும் விசிறியும் இலவசமாக எரிவதில்லை, சுழல்வதில்லை. இரவு காத்திருந்து பூட்டுகிறவரும் வீடு திரும்ப வேண்டியவரே. அவர் உழைப்பைத் தொண்டு என்று சொல்லிச் சும்மா வாங்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே அவ்விரு செலவுக்கும் ஈடான தொகையை வாங்கலாம். அதற்கு மேல் கூடாது. ஏழைக் குழுவுக்குக் கட்டணத்தை விடுவதாயின், அதுவும் விதியில் இருக்க வேண்டும். ஒருவருடைய தயவாக இருத்தலாகாது. முடிக்கும் நேரத்தைக் கடைசிப் பேருந்தைப் பார்த்து வைக்க வேண்டும். யானை நடமாடும் மலைச்சாலையில் பெண்கள் இரவில் நடந்து செல்லும்படி விடலாமா?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால் இதையும் சொல்கிறேன். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அரசுக்குத் தமிழில் எழுத இங்குள்ள தமிழருக்கு இடமளித்துள்ளது. வாசகசாலைச் சுவரில் ஒட்டும் ஒரு பக்க விதியையும் மலையாளத்தோடு தமிழிலும் எழுதுவது பெரிய செலவன்று. படிக்க முடியாத விதி இருந்தும் இல்லாததே.

முன் கேட்டவர்க்கு முன். ஆனால் ஒரே குழு எல்லாச் சனிக்கிழமைகளையும் பிடித்துக்கொள்ளக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். பதிவேட்டை யாரும் புரட்டிப் பார்க்கும்படி மேஜைமேல் வைக்க வேண்டும். நிர்வாகக் குழுவினர் தம் சொந்த விழாவுக்கு அறையை எடுக்கும்போதும் அதே பதிவேட்டில், அதே வரிசையில், கட்டிய தொகையுடன் தம் பெயரை எழுத வேண்டும்.